நாலுக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு கறை

மகனே,

"அன்புள்ள" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை போகவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்று காலைப் பூசையில் ஓலை வாசித்தபோது உன் பெயரும் ரோஸ்லினின் பெயரும் அதில் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் பெயரைக் கோயிலில் வாசித்து, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் வந்து சொல்லுங்கள் என்று கேட்பது நம் வழக்கம். இரண்டு வாரம் உங்கள் பெயர் வந்தது. நேற்று வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டு ஃபாதர் காகிதத்தை மடித்துவிட்டார். வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே, "ஃபாதருக்கு வயசாயிடுச்சிம்மா, நம்ம பேர உட்டுட்டாரு. போய் ஞாபகப்படுத்திட்டு வந்துடறேன்" என்றாய். நான் உன் சட்டைக் கையைப் பிடித்தேன். "உடல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்." "எதுக்கு?" "அந்த வாட்ச் டயலுக்கு." உன் முகத்தில் முதலில் பயம் வந்தது. அது ஒரு நொடிதான். அடுத்த நொடி சிரித்தாய். "ஒரு டயலுக்காகவாம்மா?" அந்தச் சிரிப்பிலிருந்து என் வாயில் ஒரு கசப்பு நிற்கிறது. நேற்று ஆக்கிய மீன் குழம்பை நான் தொடவில்லை. நீ இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாய்.

இதை உனக்கு மட்டும் எழுதி உன் மேசையில் வைத்திருக்கலாம். நான் எதையும் வெளியில் சொல்கிறவள் இல்லை. ஆபீஸில் என் பக்கத்து நாற்காலியில் பல வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்கு நான் மத்தியானத்தில் என்ன புத்தகம் படிக்கிறேன் என்றுகூடத் தெரியாது. அட்டை போட்டுத்தான் படிப்பேன். ஆனால் நீ அடுத்தவர் வீட்டுக் கதையை, நான் எழுதுகிற மாதிரியே எழுதி, உலகம் பார்க்க வைத்தாய். அதற்குப் பதில் மூடிய உறைக்குள் இருப்பது சரியில்லை என்று பட்டது. இதையும் எல்லோரும் படிக்கிற மாதிரியே வெளியில் வைக்கிறேன்; பெயர்களை மாற்றியிருக்கிறேன். ரோஸ்லின் அவள் பெயர் இல்லை. உன் பெயரை எழுதவே போவதில்லை. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன், இப்போது நாற்பத்திரண்டு. பஸ்ஸில் உன்னை என் தம்பி என்று நினைக்கிறவர்கள் உண்டு. மகனுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுத இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நீ அவசரப்படுத்திவிட்டாய்.

என் தப்பிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் வயதில் மூத்தது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிளியரிங் ஆபீஸில் நான் பார்க்கும் வேலை, கப்பலில் வரும் பெட்டிக்குள் இருக்கும் பொருளைச் சுங்கத்துக்காக விவரித்து எழுதுவது. என்ன பொருள், புதியதா, பயன்படுத்தியதா, எந்த நாட்டில் செய்தது. பழைய இயந்திரத்தைப் புதியது என்று ஒரு சொல் மாற்றி எழுதினால் பெட்டி நின்றுவிடும். எழுதியது யார் என்று கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் என் எழுத்தால் ஒரு பெட்டி நின்றதில்லை. அந்த ஒழுங்கை வீட்டுப் படி ஏறும்போது செருப்போடு கழற்றி வைத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் கடலைப் பற்றி ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போகலாம். நீ மூன்று வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாய். நான் நோட்டை இழுத்தேன். "நீ போய்க் குளி" என்றேன். நீ எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நீ தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் நான்கு பக்கம் முடித்துவிட்டேன். நீ அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தாய். கோப்பை வந்தது. உன் அப்பா அதை டிரெய்லரின் முன் கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினார். துறைமுக கேட்டில் வரிசையில் நிற்கும் டிரைவர்களிடம் எல்லாம் சொன்னாராம்: "எங்க வம்சத்துல கையெழுத்து போடவே நாக்கு வெளிய வந்துடும். எம்புள்ள கட்டுரை எழுதி கப்பு வாங்கிகீறான்." நான் அவரைத் திருத்தவில்லை. அந்தக் கோப்பை உன்னைவிட எனக்குத்தான் பிடித்திருந்தது. இன்னும் ஷோகேஸில் இருக்கிறது. போன வாரம் துடைக்க எடுத்தேன். கையில் எதையோ கலீஜாகத் தொட்டதுபோல் இருந்தது; அப்படியே வைத்துவிட்டேன்.

அதனால் நீ மோசக்காரனாகவே வளர்ந்தாய் என்று சொல்ல மாட்டேன். உனக்குக் கண் இருக்கிறது, அது என்னிடமிருந்து வந்ததில்லை. எண்ணூர் ஹைவேயில் கண்டெய்னர் யார்டில் பெட்டிகளின் நெளிவையும் துருவையும் பார்த்து எழுதுகிற வேலைக்கு நீ போனபோது, மூன்றாம் மாதமே உன் சூபர்வைசர் உன் அப்பாவிடம், "உம்புள்ள பாக்காம போன ஓட்டை இன்னும் பொறக்கலப்பா" என்றார். அந்தக் கண்ணோடுதான் ஞாயிறு நடைபாதைச் சந்தையில் பழைய சாவி கொடுக்கிற வாட்ச்சுகளைப் பொறுக்க ஆரம்பித்தாய். முதல் வருஷம் அது எவ்வளவு நல்ல ஆசையாக இருந்தது. ஒரு மத்தியானம் மாடி வராண்டாவில் என்னை உட்கார வைத்து, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் ஐகிளாஸை என் கண்ணில் வைத்து, ஒரு சுவிஸ் வாட்ச்சை என் கையில் கொடுத்தாய். டயலில் இருக்கும் எழுத்தைப் பார் என்றாய். அசலில் எழுத்து டயலின் மேல் லேசாக எழும்பி, ஓரம் வெட்டியதுபோல நிற்கும். மறுபடி பெயிண்ட் அடித்ததில் எழுத்து தடித்து, மை ஊறிய மாதிரி இருக்கும். கீழே ஆறுக்கு அடியில் நாட்டின் பெயர் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். இப்படி டயலை மறுபடி எழுதி ரீ-டயல் செய்கிறவன் பெரும்பாலும் அங்கேதான் தவறுவான், ஓரத்துக்கு மிக இறக்கிவிடுவான். பாலிஷ் போட்டுப் போட்டு முனைகள் மழுங்கிய கேஸை, அதாவது வாட்ச்சின் வெளிக்கூட்டை, விரலால் தடவிக் காட்டினாய். தண்ணீர்க் கறை விழுந்த டயலைக் கழுவ முடியாது, கழுவினால் எழுத்தும் கூடவே போய்விடும் என்றாய். கடைசியில் சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை: "நல்ல வாட்ச்சுல எல்லாமே ஒண்ணா கெழவனாயிருக்கணும்மா. முள்ளு கெழவன், மூஞ்சி மட்டும் கொமரன்னா, எங்கயோ கோல்மால்." நான் அன்றைக்கு உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். புத்தகங்களில் நான் தேடிக்கொண்டிருந்த ஒன்றை என் மகன் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் கண்டுபிடித்துவிட்டான் என்று தோன்றியது.

பிறகு நீயே அந்தக் கோல்மாலைச் செய்ய ஆரம்பித்தாய். டயல்களைக் கூரியரில் எங்கோ அனுப்புவாய், பளபளப்பாகத் திரும்பி வரும். இணையத்தில் போட்டு விற்பாய். எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை. ஒருநாள் வந்து, "ம்மா, வெள்ளக்காரங்க வாட்ச்ச வாங்கறதில்ல, கதைய வாங்கறாங்க. நீ நாலு வரி எழுதிக் குடேன். உனக்குத்தான் வரும்" என்றாய். அந்த "உனக்குத்தான் வரும்" என்ற சொல்லுக்கு நான் விழுந்துவிடுவேன் என்று நீ பத்தாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டவன். சந்தையில் பழைய ஸ்பானர்களுக்கு நடுவே கிடந்த ஒரு வாட்ச்சுக்கு, இழுவைப் படகு ஓட்டிய ஒரு மனிதரை நான் உண்டாக்கினேன். புயலில் அவர் ஒரு கப்பலை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். வாட்ச்சைப் பார்த்துப் பார்த்துக் கயிற்றை விட்டார். ஆங்கிலத்தில் எழுதினேன், ஆபீஸ் ஆங்கிலம் இல்லை, எனக்குள் இருந்த நல்ல ஆங்கிலம். கடைசி வரியை மூன்று முறை அடித்துத் திருத்தினேன்: அந்தக் கை இன்று இல்லை, அது பார்த்த நேரம் இன்னும் ஓடுகிறது. விற்றுப்போயிற்று. அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு எழுதியிருப்பேன். கிரேன் டிரைவர், கலங்கரை விளக்கத்துக்காரர், ரயில்வே கார்டு. ஒருவரும் இருந்ததில்லை. அவர்களை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இன்றைக்கு ஒப்புக்கொள்ளும்போது உடம்பு கூசுகிறது.

இப்போது நிச்சயத்துக்கு வருகிறேன். எண்ணூரில் அவர்கள் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் வாட்ச் கட்டிவிடுவது வழக்கம்தான். எல்லோரும் கடையில் புதிதாக வாங்கிப் பெட்டியோடு கொடுப்பார்கள். ரோஸ்லினின் அப்பா தன் கையிலிருந்து கழற்றினார். அனல் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேசும்போது நடுவில் மூச்சு வாங்கும். "தம்பி, இது எங்கப்பா வாட்ச்சு. ஹார்பர்ல கப்பல் கயிறு கட்டற கேங்கு அவரு. ஒருநா கயிறு அறுந்து, கப்பலுக்கும் சுவருக்கும் நடுவுல தண்ணில வுழுந்துட்டாரு. மேல தூக்கசொல்லோ வாட்ச்சு உள்ள பூரா உப்புத் தண்ணி. ஸ்டவ்வு பக்கத்துல வெச்சி காய வெச்சாரு. ஓட ஆரம்பிச்சிடுச்சி. கறை மட்டும் நின்னுகிச்சி, நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல. ரிப்பேர்காரன் எவ்ளோ சொல்லியும் அவரு மாத்த உடல. எனக்கு ஆம்பளப் புள்ள கெடையாது. நீ கட்டிக்கோ." உன் கையில் கட்டினார். அவர் மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. நீ குனிந்து டயலைப் பார்த்தாய். உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று உன் அப்பா என் காதில் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ எழுத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நீ அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு பரிமாறினாய். அப்பளத்தை நீட்டியபோது டயல் வெளிச்சத்தில் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. ரோஸ்லினின் அப்பாவும் பார்த்தார். "சர்வீஸ் பண்ணேன் மாமா. கறையெல்லாம் போயிடுச்சி" என்றாய். அவர் அப்பளத்தை எடுத்துக்கொண்டு, "நல்லா கீதுபா. புச்சு மாரி கீது" என்றார். பாயசம் வந்தபோது வேண்டாம் என்றார். ரோஸ்லின் சிரித்துக்கொண்டு, "எங்கப்பாவுக்கு இனிப்பு ஆவாது அத்த" என்றாள். நான் பாத்திரம் எடுக்கும் சாக்கில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றேன். கழுவினால் எழுத்தும் கூடவே போய்விடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ.

மறுநாள் நீ குளிக்கப் போனபோது வாட்ச்சையும் ஐகிளாஸையும் எடுத்துக்கொண்டு மாடி வராண்டாவுக்குப் போனேன். நீ கற்றுக்கொடுத்த வரிசையிலேயே பார்த்தேன். எழுத்து தடித்திருந்தது. ஆறுக்கு அடியில் இருந்த சின்ன எழுத்து ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றது. முள் மட்டும் மாறவில்லை. சிறிய முள்ளில் உப்புத் தண்ணீர் அரித்த புள்ளிகள் அப்படியே இருந்தன, இருட்டில் ஒளிரும் பூச்சு பழுப்பேறியிருந்தது. அது அந்த வெள்ளை டயலின் மேல், புது வீட்டுச் சுவரில் யாரோ மாட்டிவிட்டுப் போன பழைய படம் மாதிரி நின்றது. முள்ளு கெழவன், மூஞ்சி கொமரன். ஆனால் பழைய டயல் எங்கே என்று தெரியவில்லையே. நான் எழுதிக் கொடுத்த கதைகளைப் பதிவேற்றுவதற்கு நீ எனக்குக் கொடுத்திருந்த கணக்கைத் திறந்தேன். விற்றவை என்ற பக்கத்தில் முதலில் இருந்தது அதுதான். டயல் மட்டும். வாட்ச் இல்லாமல், முள் இல்லாமல், ஒரு கறுப்புத் துணியின் மேல், பிடுங்கிய முகம் மாதிரி. கறை நன்றாகத் தெரியட்டும் என்று பக்கவாட்டில் வெளிச்சம் வைத்துப் படம் எடுத்திருந்தாய். அந்த மாடலுக்கு அசல் டயல் கிடைப்பதே இல்லை என்று தலைப்பிலேயே போட்டிருந்தாய்.

கீழே கதை. கயிறு அறுந்தது, எந்தத் தளத்தில், எந்தக் கப்பல், யார் தூக்கினார்கள், ஸ்டவ் பக்கத்தில் எத்தனை மணி நேரம் காய்ந்தது, எல்லாம் இருந்தது. என் வாக்கியங்கள். என் நிறுத்தங்கள். நான் ஒரு நீண்ட வரிக்குப் பிறகு ஒரு குட்டி வரி வைப்பேனே, அதுகூட. என்னைக் கேட்காமல் என்னை எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாய். முதல் வரி, "என் தாத்தா" என்று தொடங்கியது. உன் தாத்தா பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர், துறைமுகத்துத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை, வாட்ச் கட்டியதும் இல்லை. கடைசி வரி: அந்தக் கை இன்று இல்லை, அது பார்த்த நேரம் இன்னும் ஓடுகிறது. அது என் வரி. இல்லாத ஒரு மனிதனுக்காக நான் செய்தது. அதை, நிஜமாகவே தண்ணீரில் விழுந்து எழுந்த ஒரு மனிதன் மேல் பூசியிருந்தாய். வாங்கியவர், உங்கள் தாத்தாவை எங்களோடு பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். நீ கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தாய். இத்தனை நாள் நீ விற்றதெல்லாம் பொய் டயலும் பொய்க் கதையும். அதை எப்படியோ விழுங்கிக்கொண்டேன். இது உன் கைக்கு வந்த ஒரே நிஜம். அதைத்தான் பிரித்து விற்றாய்.

உன் அப்பாவிடம் சொன்னேன். துறைமுக கேட்டில் பதினாலு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு வந்து, லுங்கி மாற்றிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். "அவரு கேட்டாரா?" என்றார். "கேக்கல." "அப்ப நீ ஏன் கெளப்பற? கல்யாணத்துக்கு மண்டபம் சொல்லியாச்சி, பிரியாணி சொல்லியாச்சி. ஒரு தகரத்துண்டு. அதுக்கு இவ்ளோ பேஜாரா? உட்டுடு." உன் அப்பா கெட்டவர் இல்லை. அவர் சோர்ந்தவர். ஆனால் அன்றைக்கு அவர் தட்டில் சோறு வைக்கும்போது எனக்கு அவர் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. என் கையையும்தான். நான்கு நாள் நானும் விட்டுத்தான் பார்த்தேன். ஐந்தாம் நாள் ஞாயிறு. இரண்டாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று ஃபாதர் வாசித்தார். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேருக்காகக் கேட்ட வாக்கியம், ஒருநாளும் என்னை நிமிர்ந்து பார்க்க வைத்ததில்லை. அன்றைக்கு நீ என் பக்கத்தில், வாட்ச் கட்டிய கையால் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, சுருதி சேர்ந்து பாடினாய்.

சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து எண்ணூருக்குப் பஸ் ஏறினேன். ரோஸ்லினின் அப்பா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, ஒரு போனு பண்ணியிருந்தா நானே வந்துருப்பனே" என்றார். மணி என்ன ஆயிற்று என்று பார்க்க மணிக்கட்டைத் திருப்பினார், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துவிட்டுக் கையை மறுபடி முறத்துக்குக் கொண்டுபோனார். நான் நின்றபடியே சொன்னேன். "அண்ணே, அந்த வாட்ச்சுல இருக்கறது உங்க அப்பாவோட டயல் இல்ல. எம்புள்ள மாத்திட்டான். பழச வித்துட்டான்." அவர் உரித்துக்கொண்டிருந்த இறாலை முடித்தார். "தெரியும்மா" என்றார். "எப்போலேர்ந்து?" "உங்க வூட்டுல பாத்தனே, அப்பவே. எங்கப்பா கையில கெடக்கசொல்லோ பாத்த மூஞ்சி. அப்பறம் என் கையில. தெரியாதா?" "அப்ப ஏண்ணே ஒண்ணும் கேக்கல?" "இன்னா கேக்கறது? பொண்ணு குடுக்கற வூடு. ஓலை வாசிச்சாச்சி. நான் வாயத் தொறந்தா, வாட்ச்சுக்காகக் கல்யாணத்த நிறுத்துனான்னு எனக்குப் பேரு. எம்பொண்ணுக்கு அதவிட கெட்ட பேரு. போவட்டும்மா. கறைதானே." மகனே, நீ செய்ததில் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பானது எதுவென்று கேட்டால், இதுதான். தன் அப்பா உயிரோடு மேலே வந்ததற்கு இருந்த ஒரே அடையாளத்தை, அந்த மனிதர் வாயாலேயே "கறைதானே" என்று சொல்ல வைத்துவிட்டாய்.

"இன்னா கறை?" என்று குரல் கேட்டது. ரோஸ்லின் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அவள் அப்பா, "ஒண்ணுமில்ல, நீ உள்ள போ" என்றார். அவள் போகவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கேட்டாள். "அத்த, மருந்து போட்டு கறைய எடுத்தேன்னு சொன்னாரு. பொய்யா?" ஆமாம், டயலோடு தாத்தாவின் கதையையும் எழுதி விற்றுவிட்டான் என்றேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நிச்சயம் முடிஞ்ச வாரம் போன் பண்ணாரு. தாத்தா கதைய இன்னொரு வாட்டி சொல்லுன்னாரு. எந்தக் கப்பலு, யாரு தூக்குனது, எவ்ளோ நேரம் காய வெச்சாரு, எல்லாம் கேட்டாரு. நம்ம வூட்டு மேல இவ்ளோ ஆசையா கீறாரேன்னு, எனக்குத் தெரியாதத எங்கப்பாகிட்ட கேட்டு கேட்டு சொன்னேன். அத எழுதி விக்கறதுக்கா கேட்டாரு?" அவள் அழவில்லை, முகத்தைச் சுளித்தாள், கெட்டுப்போன மீனை மூடியிருந்த துணியை விலக்கியவள் மாதிரி. அந்தச் சுளிப்பு என் முகத்திலும் பத்து நாளுக்கு மேலாக இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பார்த்ததும்தான் இந்தப் பெண் எனக்கு மருமகளாக வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு நெருங்கியவள் என்று தோன்றியது.

ஓலையை நிறுத்தலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். அவள் அப்பா தடுத்தார், மூச்சு வாங்கியது, உட்கார்ந்துவிட்டார். "நைனா, நீ சும்மா இரு. வாட்ச்சு உன்னுது. கதை என்னுது. என்னாண்ட கேட்டு வாங்கிகினு போன கதை அது" என்றாள். அங்கே அவர்கள் பங்குக் கோயிலில் அவள் சொல்லிவிடுவதாகவும், நம் கோயிலில் நான் சொல்ல வேண்டும் என்றும் முடிவாயிற்று. நம் ராயபுரத்துக்குத் திரும்பி இறங்கியதும் நேரே ஃபாதரிடம் போனேன். "தடையா?" என்று கேட்டார். "தள்ளி வைக்கணும் ஃபாதர். பொண்ணு கேக்கறா. நானும் கேக்கறேன்" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காகிதத்தில் கோடு இழுத்தார். மறுநாள் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பேசியே என்னைக் கரைத்துவிடுவாய் என்று பயந்தேன். அது என் கோழைத்தனம், அதையும் எழுதி வைக்கிறேன்.

ரோஸ்லின் உனக்குச் சொல்லி அனுப்பியது இதுதான், நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை: "டயல திருப்பி வாங்க முடிஞ்சா வாங்கட்டும். முடியலன்னாலும் பரவால்ல அத்த. எங்கப்பா முன்னால உக்காந்து, நான்தான் வித்தேன்னு அவரு வாயால சொல்லட்டும். எழுதி அனுப்ப வேணாம். அதுக்கப்பறம் நான் யோசிக்கறேன், மூணாவது ஓலை வேணுமா வேணாமான்னு." இதை நேற்று வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் சொன்னேன். நீ இரண்டு தட்டு சாப்பிட்டாய். அப்புறம் போனோடு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாய். வாங்கியவருக்குத் திருப்பிக் கேட்டு எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். "ம்மா, அவங்க அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போடணும். மனசு உருகற மாரி. நீ எழுதிக் குடேன். உனக்குத்தான் வரும்" என்றாய்.

நான் எழுந்து குழாயடிக்குப் போனேன். வாய் கொப்பளித்தேன். உன்மேல் இருந்த அருவருப்பை நான் தாங்கிக்கொள்வேன். அதற்குள் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நீ கேட்டு முடிப்பதற்குள், ஒரே நொடியில், அந்த மெசேஜின் முதல் வரி என் தலையில் வந்துவிட்டது. நல்ல வரி. அவர் படித்திருந்தால் அழுதிருப்பார். உன்னை மன்னித்துமிருப்பார். அந்த வரியை நான் உனக்குச் சொல்லப் போவதில்லை.

வாட்ச்சை உன் மேசைமேல் வைத்திருக்கிறேன். எண்ணூர் பஸ் உனக்குத் தெரியும். கையில் கட்டிக்கொண்டு போகாதே, கையில் பிடித்துக்கொண்டு போ. அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். என்னிடம் பேசுவதுபோல அவர் முன்னால் உனக்குப் பேச வராது. திக்கித் திணறுவாய், நடுவில் நின்றுபோவாய், மூன்று வரிதான் வரும். அந்த மூன்று வரியைச் சொல். பத்தாம் வகுப்பில் நீ நோட்டில் எழுதி வைத்திருந்தாயே, கடலைப் பற்றி, அதுவும் மூன்று வரிதான். அதில் என்ன எழுதியிருந்தாய் என்று நான் படித்துப் பார்க்கவேயில்லை.

அம்மா